கணவாய்க்கு இந்தப் பக்கம்

ஹால்ஃப்டான் கணவாயை நான்கு மணிக்கே மூடிவிட்டார்கள்.
பனிவாரும் வண்டி பாதியில் திரும்பி வந்ததை
ஜன்னலில் பார்த்தேன்,
மஞ்சள் விளக்கு சும்மா சுழன்றுகொண்டிருந்தது.

பதினொன்றரைக்கு ஃபோன்.
பில்டுடலுரிலிருந்து ஹாஃப்லிதி,
சால்மன் பண்ணையில் வலை இழுப்பவர்.
"டாக்டர், டோவாவுக்கு வால் இரண்டாகிவிட்டது."

சிரிக்க ஒரு விநாடி இருந்தது.
சிரிக்கவில்லை.
எவ்வளவு நேரமாக முக்குகிறாள்?
"ரேடியோவில் செய்தி தொடங்கியதிலிருந்து."
செய்தி முடிந்து?
"வானிலையும் முடிந்துவிட்டது."

வாலும் பின்னங்கால்களும் வெளியே.
மற்றதெல்லாம் உள்ளே.
எங்களுக்கு நடுவில் முப்பது கிலோமீட்டரும் ஒரு மலையும்.
என் பையில் கையுறை, ஊசி, இடுக்கி,
எல்லாம் கொதிநீர் கண்டவை, எதற்கும் உதவாதவை.

"என் விரல்கள் கயிறு தின்ற விரல்கள்" என்றார்.
"மாடியில் போஷேனா குடியிருக்கிறாள்,
மீன் ஆலைக்காரி, கை சின்னது.
ஆனால் நம் பாஷை வராது."
எழுப்புங்கள் என்றேன்.

அப்புறம் இப்படித்தான் நடந்தது:
நான் ஐஸ்லாந்து மொழியில் சொன்னேன்,
அவர் அதைத் தன் ஓட்டை ஆங்கிலத்தில் ஊற்றினார்,
அவள் போலிஷில் முணுமுணுத்து விரலுக்கு இறக்கினாள்.
மூன்று மொழி கடந்து போன முதல் சொல்:
இழுக்காதே.

சமையல் எண்ணெய் போதும்.
காலைப் பிடிக்காதே, இடுப்பைப் பிடி, ஈரத்துணியால்.
அவள் முக்கும்போது நீயும்,
அவள் விட்டால் நீயும் விடு.
கீழ்நோக்கி. அவளுடைய பாதங்களை நோக்கி.

எனக்குத் தெரிந்ததெல்லாம் சத்தம்.
அலுமினியத் தட்டு நகர்ந்தது.
டோவா ஒரு கதவைப்போலக் கத்தினாள்.
யாரோ மாதாவைக் கூப்பிட்டார்கள், அல்லது திட்டினார்கள்,
இரண்டும் அந்த மொழியில் ஒரே மாதிரி.
"வந்துவிட்டது."

சவ்வைக் கிழி. மூக்கைத் துடை.
தலை கீழாக வை. தேய்.
தேய்.
துண்டு முடியில் உரசுவது ஃபோனில் கேட்டது,
யாரோ தரையைக் கழுவுவது போல.
ஐந்து நிமிடம்.
பத்து.
பதினைந்தாவதில் நான் சொன்னேன்,
போதும், நிறுத்தச் சொல்லுங்கள்.

அந்தச் சொல்லை மட்டும்
ஹாஃப்லிதி மொழிபெயர்க்கவில்லை.

உரசல் நின்றபோது அது என் உத்தரவால் அல்ல.
டோவா மறுபடி முக்கத் தொடங்கியிருந்தாள்.

இரண்டாவது யாரையும் கேட்காமல் வந்தது.
மூன்றாவது, போஷேனா கை கழுவப் போன நேரத்தில்.
இரண்டும் கத்தின.
நஞ்சை எண்ணுங்கள் என்றேன்.
குட்டி மூன்று, நஞ்சு இரண்டு.
"தின்றிருப்பாளோ?"
இருக்கலாம். உள்ளேயும் இருக்கலாம்.
காய்ச்சல் பாருங்கள். நாற்றம் பாருங்கள்.
பால் கொடுக்கிறாளா என்று பாருங்கள்.
எல்லாவற்றையும் அவர்களே பார்க்கவேண்டியிருந்தது.

இரண்டு இரவு தூங்காமல் கிடந்தேன்,
ஒரு பூனையின் வயிற்றில் கைவைத்தபடி,
கைவைக்காதபடி.

வெள்ளிக்கிழமை கணவாய் திறந்தது.
டோவா என்னைக் கண்டு சீறினாள்,
வயிறு மெத்தென்றிருந்தது, காய்ச்சல் இல்லை.
கதவுக்குப் பின்னால் போஷேனாவின் கம்பளிச் சட்டை தொங்கியது.
கைமடிப்பில், கருஞ்சிவப்பாய்,
காய்ந்த இலைபோல ஒட்டியிருந்தது மூன்றாவது.
எண்ணிக்கை சரியானது.
போஷேனா முதலில் சிரித்தாள்,
அப்புறம் அந்தச் சட்டையோடு வெளியே போய்
நெடுநேரம் வரவில்லை.

இரண்டு காபி குடித்தேன்.
ஹாஃப்லிதி பணம் எடுக்கப் போனார், வேண்டாம் என்றேன்,
நான் ஒன்றும் செய்யவில்லையே.
"ஒன்று காட்டவேண்டும்" என்று
குளிர்பெட்டியைத் திறந்தார்.
காட் மீன் துண்டுகளுக்கும் ரொட்டிக்கும் நடுவில்
ஒரு ஐஸ்கிரீம் டப்பா.
மூடியில் கறுப்பு மையில் ஒரு பெயர்,
போலிஷ் எழுத்தில், எனக்கு வாசிக்க வரவில்லை.

"மண் இரும்பாய்க் கிடக்கிறது" என்றார்.
"மே மாதம் தோண்டலாம்."